சுருட்டின் ஒரு பக்கம் மட்டும் எரிவது ஏன்?

கேள்வி: நண்பர் ஒருவர் இரண்டு கியூபா சுருட்டுகள் பரிசளித்தார். ஒன்றை சிகரெட் போல வாயில் வைத்து, லைட்டரைக் காட்டி இழுத்துப் பற்றவைத்தேன். ஒரு பக்கம் மளமளவென்று எரிந்தது, மறுபக்கம் அப்படியே நின்றுவிட்டது. நாக்கெல்லாம் கசப்பு. மிச்சமுள்ள ஒன்றை எப்படிப் பற்றவைப்பது?

பதில்: கோளாறு சுருட்டில் இல்லை. பற்றவைக்கும்போதே இழுத்ததுதான் காரணம். சிகரெட்டில் இருப்பது மெல்லிய தாளும் பொடியாக நறுக்கிய புகையிலையும், சட்டென்று பிடித்துக்கொள்ளும். கையால் சுற்றிய சுருட்டில் முழு இலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, அதன் மேல் கட்டு இலை, அதற்கும் மேல் போர்வை இலை. இழுக்கும்போது தீ உள்ளே பாய்கிறது. தீ பட்ட ஓரம் கருகுகிறது, படாத ஓரத்துக்குச் சூடே போவதில்லை. அந்தக் கருகல்தான் உங்கள் நாக்கில் கசந்தது.

முதலில் வாய்ப்பக்கம். அங்கே தொப்பி போல ஒட்டியிருக்கும் சிறு இலைத்துண்டை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும், கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஆழமாக வெட்டினால் போர்வை இலை பிரிந்துவிடும். இரண்டு முனையும் திறந்திருக்கும் திருச்சி சுருட்டுக்கு இந்த வேலையே இல்லை. ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டு' என்பதிலிருந்து போனதுதான்.

இனி முக்கியமான கட்டம். மின்விசிறியை நிறுத்துங்கள். சுருட்டை வாயில் வைக்காமல் கையிலேயே சற்றுச் சாய்வாகப் பிடித்து, அடிமுனையைத் தீக்கு மேலே, தீ தொடாத உயரத்தில் காட்டி மெதுவாகச் சுழற்றுங்கள். வாழை இலையை அடுப்பில் வாட்டுவோமே, அதே பக்குவம். அரை நிமிடத்தில் விளிம்பு முழுவதும் கருத்து, மெல்லிய புகை எழும். அப்புறம் வாயில் வைத்து, தீயை அரை அங்குலம் தள்ளியே பிடித்து, சுழற்றிக்கொண்டே மூன்று நான்கு முறை மென்மையாக இழுங்கள். பிறகு சுருட்டைத் திருப்பி அடிமுனையில் லேசாக ஊதிப் பாருங்கள். கங்கு வட்டம் முழுக்கச் சிவந்தால் சரி. ஒரு இடம் மங்கலாக இருந்தால் அங்கே மட்டும் தீயைக் காட்டினால் போதும். இதில் அவசரப்படவே கூடாது.

தீ எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பெட்ரோல் லைட்டர், மெழுகுவத்தி, மெழுகுத் தீக்குச்சி மூன்றுமே தங்கள் வாடையைச் சுருட்டில் ஏற்றிவிடும். கேஸ் லைட்டர் நல்லது. மரத் தீக்குச்சி என்றால், தலைமருந்து எரிந்து முடியும்வரை பொறுத்துவிட்டுக் காட்டுங்கள். இரண்டு மூன்று குச்சிகள் தேவைப்படும்.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். வேகம் கூடினால் சூடேறிக் கசக்கும். புகையை வாயோடு நிறுத்துங்கள், நுரையீரலுக்குள் இழுக்காதீர்கள். இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் அபாயம் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

நடுவில் அணைந்தால் சாம்பலைத் தட்டிவிட்டு, உள்ளே தங்கிய புகை வெளியேற ஒருமுறை ஊதி, மறுபடி வாட்டலிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று: அந்தச் சுருட்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். சரசரத்தால் காய்ந்திருக்கிறது, அதுவும் கோணலாகத்தான் எரியும். சுமார் 65 முதல் 70 சதவீத ஈரப்பதம்தான் அதற்கு ஏற்றது. ஏசி அறையில் திறந்து வைக்காமல், பற்றவைக்கும் நாள்வரை காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வேண்டாம், குழம்பு வாடையெல்லாம் இலையில் ஏறிவிடும்.