வாசகர் கேள்வி – பதில்: சனிக்கிழமை போதும்

கேள்வி: எனக்கு வயது 42. பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இடது பக்கம் பலவீனம். நான்கு முனை ஊன்றுகோலோடு நடக்கிறேன். போன ஜனவரியில் ‘டிசம்பருக்குள் பழையபடி நடப்பேன்’ என்று நாட்காட்டியில் எழுதினேன். நடக்கவில்லை. இந்த ஆண்டும் ஏதாவது இலக்கு எழுதச் சொல்கிறார் மனைவி. உறவினர்களோ, “நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூவைப் பார்” என்கிறார்கள். எனக்கு எழுத மனம் வரவில்லை. முன்பு சனிக்கிழமைதோறும் மகளை நூலகத்துக்கு அழைத்துப் போவேன். அதுவும் நின்றுவிட்டது.
– வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் கால் பற்றியது. அந்த வரிகள்தான் உங்களைப் பற்றியவை.

நானும் அப்படி ஒன்று எழுதியவள். 2016இல் நீரிழிவால் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஜனவரியில், ‘தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை நடப்பேன்’ என்று எழுதினேன். மூன்று கிலோமீட்டருக்கு மேல். பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு தங்கையோடு ஒத்திகைக்குக் கிளம்பினேன். செயற்கைக் காலுக்குள் இருக்கும் மிச்சக் கால் காலையில் இறுக்கமாக இருக்கும். நேரம் போகப் போகச் சற்றுச் சுருங்கும். அப்போது உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்து, உள்ளே இன்னொரு உறை சேர்த்துப் போட வேண்டும். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தோற்றதாக நினைத்தேன். சிலிகி ரோட்டைத் தாண்டுவதற்குள் தோல் கொப்புளித்து உடைந்தது. மூன்று வாரம் செயற்கைக் காலை மாட்டவே கூடாது என்றார்கள். பூசத்தன்று வீட்டில் படுத்திருந்தேன்.

அன்று அழுததைவிட அதற்குப் பிறகு ஓர் ஆண்டு எதுவுமே எழுதாமல் இருந்தேனே, அதுதான் எனக்கு நேர்ந்த பெரிய நட்டம். அதை நீங்கள் செய்யாதீர்கள்.

பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் உடம்பு வேகமாகத் தேறும், பிறகு மெதுவாகத்தான். ஆகவே ‘டிசம்பருக்குள்’ என்று உடம்புக்குக் கெடு வைக்க நம்மால் முடியாது. சனிக்கிழமைக்கு வைக்கலாம். ‘மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மகளோடு நூலகம்’ என்று எழுதுங்கள். யீஷூன் நூலகம் நார்த்பாயிண்ட் சிட்டி கடைத்தொகுதிக்குள்ளேயே இருக்கிறது, மின்தூக்கி உண்டு. நடக்க முடியாத நாளில் சக்கர நாற்காலியில் போங்கள். இங்குள்ள பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் அது ஏறும். மகளுக்கு வேண்டியது அப்பா. அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவளுக்கு முக்கியமில்லை.

சாலையைக் கடக்கப் பயமாக இருக்கும், எனக்குத் தெரியும். உடற்குறையுள்ளோருக்கான பயணச் சலுகை அட்டைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதி உள்ள விளக்குக் கம்பத்தில் அந்த அட்டையை வைத்தால், பச்சை விளக்கு இன்னும் சில விநாடி கூடுதலாக எரியும். முதன்முதலாக அந்த விநாடிகள் கிடைத்த நாளில் நான் நடுச்சாலையில் நிமிர்ந்து பார்த்து நடந்தேன். அதுவரை தரையை மட்டுமே பார்த்திருந்தேன்.

படுக்கையை விட்டு எழவே முடியாத சனிக்கிழமைக்கும் இப்போதே ஒன்று எழுதி வையுங்கள். அம்மாவோடு போய் மகள் புத்தகம் எடுத்து வரட்டும். நீங்கள் படுத்தபடியே இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

யிப் பின் சியூ 2008 முதல் 2024 வரை உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்றவர். ஒவ்வொரு முறையும் மனமாரக் கைதட்டியிருக்கிறேன். ஆனால் அவருடைய இலக்கை எடுத்து உங்கள் தலையில் வைக்க உறவினருக்கு உரிமையில்லை. இதை அவர்களிடம் நேராகவே சொல்லுங்கள்.

கேள்வி: செவித்திறன் குறைந்த என் மகளுக்கு வயது 20. ‘இந்த ஆண்டு வேலைக்குப் போவேன்’ என்கிறாள். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், புக்கிட் பாத்தோக்

பதில்: பயம் உங்களுடையது அம்மா, இலக்கு அவளுடையது. ரெட்ஹில் ரயில் நிலையத்துக்கு அருகே, லெங்கோக் பாருவில் ‘எனேபலிங் வில்லேஜ்’ இருக்கிறது. உடற்குறையுள்ளோருக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் வழிகாட்டும் ‘எஸ்ஜி எனேபல்’ அமைப்பு அங்கேதான் இயங்குகிறது. ஒருநாள் அவளோடு போங்கள். கேட்பதை மட்டும் அவளே கேட்கட்டும்.

கேள்வி: புத்தாண்டு இலக்கு எழுத ஜனவரி முதல் தேதியைத் தவறவிட்டேன். அடுத்த ஆண்டுதானா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: நான் ஜனவரி முதல் தேதியில் தொடங்குவதே இல்லை. அப்போது மழைக்காலம், புளோக்கின் கீழ்த்தளம் ஈரமாக இருக்கும், ஊன்றுகோல் வழுக்கும். பொங்கலன்று பால் பொங்கிய பிறகுதான் என் நோட்டைத் திறக்கிறேன். தையும் தவறினால் ஏப்ரலில் சித்திரை இருக்கிறது.