ரோமின் ட்ரெவி நீரூற்றின் நடுவில் நிற்பவர் யார்?

ஓஷியானஸ், கிரேக்கப் புராணத்தின் பெருங்கடல் தெய்வம். ரோமானியக் கடல் தெய்வமான நெப்டியூன் இல்லை. உங்கள் கட்டுரைப் படத்தின் கீழ் ஓஷியானஸ் என்று நீங்கள் எழுதிய குறிப்பு சரிதான், நெப்டியூன் என்று சொல்லும் அந்தச் சுற்றுலாக் கையேட்டுக்காக மாற்ற வேண்டாம். செதுக்கியவர் பியத்ரோ பிராச்சி.

குழப்பம் அநேகமாகக் குதிரைகளால் வருகிறது. சிப்பித் தேர், கடற்குதிரைகள், அவற்றைப் பிடித்திழுக்கும் ட்ரைட்டன்கள் (மீன்வால் கொண்ட கடல் தேவர்கள்) எல்லாம் நெப்டியூன் பரிவாரம்போலவே இருக்கும். போதாததற்கு, அதே ரோமில் நவோனா சதுக்கத்தின் வடகோடியில் நிஜமான நெப்டியூன் நீரூற்று வேறு இருக்கிறது.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிக் கையைப் பாருங்கள், நெப்டியூனின் அடையாளமான திரிசூலம் இருக்காது. இத்தாலியின் பொலோன்யா நகரில் இருக்கும் நெப்டியூன் சிலையைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்படியே குதிரைகளையும் கவனியுங்கள்: ஒன்று திமிறும், மற்றது சாதுவாக வரும். கடலின் இரண்டு குணங்கள்.

ஆனால் சூலம் இல்லை என்பதை மட்டும் வைத்து வேறு ஊர் நீரூற்றுகளுக்குப் பெயர் சூட்டிவிடாதீர்கள். பழைய சிலைகளில் கையிலிருப்பதுதான் முதலில் உடைந்து போகும்.

கட்டுரையில் இடமிருந்தால் நீரூற்றின் மேற்பகுதியில் உள்ள இரு புடைப்புச் சிற்பங்களைப் பற்றி எழுதுங்கள். என்னைக் கேட்டால் பயணிகள் நீரூற்றில் நாணயம் வீசும் கதையைவிட அதுதான் முக்கியம். இடப்பக்கம் ரோமானியத் தளபதி அக்ரிப்பா, கி.மு. 19இல் விர்கோ என்ற குடிநீர்க் கால்வாயை ரோமுக்குக் கொண்டுவந்தவர். வலப்பக்கம், தாகத்தோடு வந்த வீரர்களுக்கு ஊற்றைக் காட்டும் கன்னிப்பெண். விர்கோ என்றால் லத்தீனில் கன்னி; கால்வாய்க்கு அந்தப் பெயர் வந்ததே அவளால்தான் என்பார்கள். 1732இல் கட்டடக் கலைஞர் நிக்கோலா சால்வி தொடங்கி, அவர் இறந்தபின் 1762இல் முடிந்த இந்த நீரூற்று அந்தக் கால்வாயின் நீர் வந்து கொட்டும் வாய்தான்.