ஐஐடி பேட்சுக்கு அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி இத படிங்க

ஆந்திரா பார்டர்ல நகரி பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. பொண்ணு பத்தாவதுல 600க்கு 571, வீட்ல நாலு தறி ஓடுது, விஜயவாடால இருக்கிற பொண்ணோட மாமா "எம்பிசி (மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி) எடுக்க வைங்க, இங்க ஹாஸ்டல்லயே ஐஐடி கோச்சிங் பேட்ச்ல போட்டுடலாம்"னு ஒத்தக்கால்ல நிக்கிறாராம், ரெண்டு வருஷத்துக்கு நாலரை லட்சம், அதுக்கு ரெண்டு தறிய வித்துடலாமானு யோசனை. பொண்ணு என்னம்மா சொல்றான்னு கேட்டேன். "அவ பைபிசி (பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி)ன்னு அடம் புடிக்கிறா சார், சின்னப் பொண்ணு, அவளுக்கென்ன தெரியும், ஐஐடி கிடைக்குமா கிடைக்காதா அத மட்டும் சொல்லுங்க"ன்னாங்க.

அம்மா, பயப்படாதீங்க, நல்லா படிக்கிற புள்ள, எங்க போனாலும் பொழச்சுக்குவா. ஆறுதல் இவ்ளோதான், இனிமே சொல்றது கொஞ்சம் கசக்கும்.

571 நல்ல மார்க்குதான், ஆனா அத வச்சு ஐஐடி சான்ஸ் சொல்றவங்க யாரா இருந்தாலும் நம்பாதீங்க. மொதல்ல ஜேஇஇ மெயின்ங்கிற இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு எழுதணும், அதுல மேல வர்ற ரெண்டரை லட்சம் பேருக்குத்தான் ஐஐடிக்கான ரெண்டாவது பரீட்சை, ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதவே வாசல் தொறக்கும். 2024ல அட்வான்ஸ்டு எழுதினது 1,80,200 பேர், குவாலிஃபை ஆனது 48,248 பேர், ஆனா 23 ஐஐடிலயும் சேத்து இருந்த சீட்டு 17,740. நடுவுல நிக்கிற அந்த முப்பதாயிரம் பேர பாருங்க, குவாலிஃபை ஆனாங்க, ஐஐடி சீட்டு இல்ல. ஆனா கோச்சிங் காலேஜ் ஃப்ளெக்ஸ்ல அவங்க போட்டோவும் ஜம்முனு சிரிச்சிட்டு இருக்கும். மாமா காட்டற ஃப்ளெக்ஸ்ல எத்தன பேருக்கு சீட்டு கிடைச்சுது, அந்த வருஷம் மொத்தம் எத்தன பேர சேத்தாங்கன்னு அவரையே கேட்டு சொல்லச் சொல்லுங்க, பாக்கலாம்.

சான்ஸ் உண்மையிலேயே தெரியணும்னா லீவுல பைசா செலவில்லாம பாக்கலாம். என்சிஇஆர்டி (மத்திய அரசு பாடப்புத்தகம்) பதினொன்னாவது மேத்ஸ்ல ட்ரிக்னாமெட்ரி சாப்டர படிக்கச் சொல்லுங்க, கைடு கூடாது, யூடியூப் கூடாது, கடைசில இருக்கிற மிசலேனியஸ் கணக்கு போடட்டும். எத்தன சரியா வந்துதுங்கிறது முக்கியமில்ல, வராத கணக்க அடுத்த நாள் அவளாவே திரும்ப எடுக்கிறாளா பாருங்க. எடுக்கலன்னா ரெண்டு வருஷம் காலைல அஞ்சு மணிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அதையே பண்ணுன்னு சொல்றது அந்தப் புள்ளைக்கு தண்டனை.

இந்தம்மா பேச்சு வாக்குல ஒரு கம்ப்ளைண்ட் சொன்னாங்க, "மஞ்சப்பொடி டப்பாவ காலி பண்றா சார், பேப்பர்ல தடவி காயவச்சு சாயப்பட்டறை தண்ணில முக்கி முக்கி பாக்கறா"ன்னு. நோட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வரிசையா பேப்பர் துண்டு ஒட்டிருக்கா, சிலது மஞ்சளாவே இருக்கு, சிலது செங்கல் கலர், பக்கத்துல தேதி, எந்த பட்டறை, என்ன கலர் சாயம். காரத்தண்ணி பட்டா மஞ்சள் சிவக்கும்ங்கிறது புக்ல இருக்கு, ஆனா ஒரு துண்டுக்குக் கீழ தெலுங்குல "மழைக்கப்புறம் செவப்பு கம்மி, ஏன்?"னு எழுதிருக்கா பாருங்க, அது எந்த புக்லயும் இல்ல. அவளுக்கென்ன தெரியும்னு கேட்டீங்களே, இதான் தெரியும்.

இவளுக்கு நான் சொல்றது ஐசர். மத்திய அரசோட அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம், நாட்ல ஏழு இருக்கு, அதுல ஒண்ணு திருப்பதி ஐசர், 2015ல ஆரம்பிச்சது, காளாஸ்திக்கு ராகு கேது பூஜைக்குப் போறப்ப தாண்டிப் போவீங்களே அந்த ஏர்ப்பேடு பக்கம்தான். திருப்பதி ஐஐடியும் அதே ஏர்ப்பேடுதான், மாமாவுக்கு இத சொல்லுங்க. அஞ்சு வருஷ பிஎஸ்-எம்எஸ் படிப்பு. மொதல்ல பயாலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பிசிக்ஸ்னு எல்லாத்தையும் தொடணும், அப்புறம்தான் எது நம்மளுதுன்னு முடிவு பண்ணிக்கலாம், கடைசி வருஷம் ஒரு லேப்ல ஒக்காந்து சொந்தமா ஆராய்ச்சி.

உள்ள போக ஐஏடின்னு தனி பரீட்சை. மூணு மணி நேரம், 60 கேள்வி, நாலு பாடத்துக்கும் தலா 15, சரின்னா 4 மார்க், தப்புன்னா 1 போகும். பன்னெண்டாவதுல அந்த நாலுல மூணு பாடம் படிச்சிருந்தாலே எழுதலாம், அதனால பைபிசி எடுத்தாலும் இந்தக் கதவு சாத்தாது. ஆனா மேத்ஸ விட்டுட்டா அந்த 15 கேள்வில தடவணும், அதனால பைபிசியோட மேத்ஸும் சேத்து எடுக்க வழியிருக்கான்னு காலேஜ்ல கேளுங்க, இல்லன்னா வீட்லயே படிக்கட்டும். இன்னொண்ணு, சென்னை ஐஐடில மெடிக்கல் சயின்சஸ் அண்ட் இன்ஜினியரிங்னு ஒரு நாலு வருஷ பிஎஸ் இருக்கு, அதுக்கும் இதே ஐஏடி மார்க்குதான். ஐஐடிங்கிற பேர் இல்லாம மாமாவுக்கு தூக்கம் வராதுன்னா அத காட்டுங்க, தகுதி விதிய மட்டும் அந்தந்த வருஷம் படிச்சுப் பாத்துக்கோங்க.

பார்டர்ல இருக்கிற நமக்கு எப்பவும் ஒரு தலவலி, நாம எந்த ஸ்டேட்டுன்னு. சித்தப்பா ஒருத்தர் வேற, சென்னைல கொண்டாந்து பன்னெண்டாவது முடிக்க வச்சா திருச்சி என்ஐடில (மத்திய அரசு இன்ஜினியரிங் காலேஜ்) ஹோம் ஸ்டேட் கோட்டா, அதாவது சொந்த ஸ்டேட்டுக்குன்னு ஒதுக்கின சீட்டு வரும்னு சொல்லிருக்கார். வாஸ்தவம்தான், என்ஐடிக்கு பன்னெண்டாவது எந்த ஸ்டேட்ல பாஸ் பண்ணாங்கிறதுதான் கணக்கு. ஆனா ஆந்திரால உள்ளூர் சீட்டுக்கான லோக்கல் ஸ்டேட்டஸ் தொடர்ச்சியா எங்க படிச்சாங்கிறத பொறுத்தது, ஸ்கூல மாத்தி மாத்தி வச்சா அங்க குழப்பம் வரும். ஐசர்ல ஸ்டேட் கோட்டாவே கிடையாது, அந்தப் பேச்சே இல்ல.

இதுவும் ஈசி இல்லம்மா, அத மறைக்க மாட்டேன். ஏழு ஐசருக்கும் சேத்து சீட்டு ரெண்டாயிரத்து சொச்சம்தான். கிடைச்சாலும் திருப்பதியே வரும்னு இல்ல, மொஹாலியும் வரலாம், ஒரிசால பெர்ஹாம்பூரும் வரலாம். முடிச்ச உடனே பெரிய சம்பளம்னு எதிர்பாத்தா இது வேணாம், நெறைய பேர் அதுக்கப்புறம் பிஎச்டி போறாங்க, அதுக்கு நெட்ங்கிற தேசிய தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் வாங்கினா மாசம் 37,000 உதவித்தொகை. வீட்ல சீக்கிரம் வருமானம் வேணுங்கிற நிலமையா இருந்தா இப்பவே சொல்லுங்க, வேற வழி பேசலாம்.

தறி விஷயத்துல மட்டும் எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது. விக்காதீங்க. மாச வருமானம் வர்ற சாமான வித்து, சீட்டு கிடைக்குமான்னே தெரியாத ஒண்ணுக்கு, அதுவும் புள்ள கேக்காத ஒண்ணுக்கு கட்டறது, கிடைக்கலன்னா அந்தக் கடன் யார் தலைல ஏறும்? 17 வயசுல அவ தலைல. லாங் டெர்ம்னு, அதாவது திரும்ப எழுத இன்னொரு வருஷ கோச்சிங்னு மறுபடி கட்டச் சொல்லுவாங்க, அட்வான்ஸ்டு ரெண்டு தடவதான் எழுத முடியும், அதுவும் அடுத்தடுத்த வருஷத்துல.

நகரிலயோ புத்தூர்லயோ பக்கத்துலயே இண்டர் (ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ) சேருங்க, என்சிஇஆர்டி புக்கு நாலு பாடத்துக்கும் வாங்கிக் குடுங்க, ஐஏடி அதுலேர்ந்துதான் கேக்கறாங்க. விஜயவாடால இன்னும் அட்வான்ஸ் கட்டலன்னா கட்டாதீங்க. கட்டியாச்சுன்னா ரசீதோட போய் ரீஃபண்ட் வேணும்னு எழுதிக் குடுத்து, சீல் போட்ட காப்பி வாங்கிட்டு வாங்க, போன்ல பேசி விட்டுடாதீங்க. மாமா கோச்சுக்கிட்டார்னா என் நம்பர குடுங்க, நான் பேசறேன்.