பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை நியாயமாகத் திருத்துகிறார்களா? திருத்துபவரைப் பொறுத்து மதிப்பெண் மாறுமா?

பத்தாம் வகுப்பு எழுதும் மகளுக்காக ஒருவர் கேட்ட இந்தக் கேள்வியில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. ஐந்து மதிப்பெண் கணக்கில் கடைசி விடை தவறிப்போனால் மொத்தமும் போய்விடுமா என்பது ஒன்று. தாள் கறாரான ஆசிரியர் கையில் சிக்கினால் பிள்ளைக்கு நஷ்டம்தானே என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் எளிது: போகாது. இரண்டாவதை விரிவாகத்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கணித ஆசிரியராக இருந்து, பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் முதலில் உதவித் தேர்வாளராகவும் பிறகு முதன்மைத் தேர்வாளராகவும் உட்கார்ந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கணக்கில் விடை சரி அல்லது தப்பு, இதில் திருத்துபவரின் மனசுக்கு என்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். 1913-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே வடிவியல் விடைத்தாளின் நகலை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பி, 100-க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். 30-க்குக் கீழே போட்டவரும் உண்டு, 90-க்கு மேலே போட்டவரும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு ஆங்கிலத் தாள்களை வைத்து அவர்கள் செய்த சோதனையில்கூட இவ்வளவு இடைவெளி வரவில்லை. விடை ஒன்றாக இருந்தாலும், எந்தப் படிக்கு எவ்வளவு என்று அந்த ஆசிரியர்கள் கூடிப் பேசியிருக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு அளவுகோல். இன்று முகாமில் நடக்கும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த அளவுகோலை ஒன்றாக்குவதற்காகத்தான்.

நம் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 14-க்குப் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் 14-க்குப் பத்து. கடைசியில் வடிவியலும் வரைபடமும், ஒவ்வொன்றும் எட்டு. மொத்தம் 100, தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் பகுதியில் சச்சரவு கிடையாது. குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் சுழியம்தான். இதைப் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும். (ஆ) என்று போட்டுவிட்டு (இ)-யின் விடையை எழுதினால் யாராலும் காப்பாற்ற முடியாது. தீர்ப்பு தேவைப்படும் இடம் ஐந்து மதிப்பெண் பகுதி. பாதித் தாள் அது.

பாடநூலில் உள்ள கணக்கு ஒன்றையே பார்ப்போம். 300-க்கும் 600-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் என்ன? விடைக்குறிப்பில், நாங்கள் ‘கீ’ என்போம், ஐந்தும் ஏறத்தாழ இப்படிப் பிரியும்: 301, 308, … 595 என்று தொடரை எழுதியதற்கு ஒன்று. உறுப்புகளின் எண்ணிக்கை காணும் சூத்திரத்துக்கு ஒன்று. எண்ணிக்கை 43 என்றதற்கு ஒன்று. கூடுதல் காணும் சூத்திரத்துக்கு ஒன்று. 19,264 என்ற விடைக்கு ஒன்று.

நம் ஊர் கணிதக் கீயில் எனக்கு மிகவும் பிடித்தது, சூத்திரத்துக்கான மதிப்பெண் மேல் போட்டிருக்கும் நட்சத்திரக் குறி. அந்தப் படி சரியாக இருந்தால், சூத்திரம் எழுதாவிட்டாலும் அதன் மதிப்பெண் உண்டு. படி தவறாகி, சூத்திரம் மட்டும் சரியாக இருந்தால், சூத்திரத்துக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். சூத்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு நேராகக் கணக்குப் போடுகிற பிள்ளை தண்டிக்கப்படக் கூடாது என்பதுதான் நோக்கம். அதோடு இன்னொரு விதியும் உண்டு: தீர்வு முழுவதும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண்ணை அப்படியே போடு, படி பிரிப்பதெல்லாம் எங்கோ தவறு இருக்கும்போது மட்டும். சரியான கணக்கில் ‘இந்த வரி எங்கே, அந்த வரி எங்கே’ என்று தேடிக் குறைக்கிற பழக்கத்தை இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து தடுக்கின்றன.

இப்போது ஒரு பிள்ளை கடைசி உறுப்பிலிருந்து முதல் உறுப்பைக் கழித்து 7-ஆல் வகுத்து 42 என்று எடுத்துவிட்டு, ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டது என்று வையுங்கள். பிறகு 42-ஐ வைத்து எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்து 18,816 என்று முடித்திருக்கிறது. மூன்றா, நான்கா? விடை தப்பு, ஆகவே கடைசி மதிப்பெண்ணும் இல்லை என்பார் ஒருவர். ஒரு தவறுக்கு இரண்டு முறை வெட்டுவது சரியில்லை என்பார் மற்றவர். நான் இரண்டாமவர் பக்கம். சி.பி.எஸ்.இ. தன் மதிப்பீட்டு நெறிமுறைகளில், ஒரு தவறின் தொடர் விளைவுக்காக மதிப்பெண் குறைக்காதே, ஒரு முறை மட்டும் குறை என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வுகளில் வழிமுறைக்கு ‘எம்’ மதிப்பெண், துல்லியத்துக்கு ‘ஏ’ மதிப்பெண் என்று தனித்தனியாகப் பிரித்து, முந்தைய தவறைத் தொடர்ந்து சரியாகச் செய்திருந்தால் கொடுக்க வேண்டிய இடங்களையும் குறித்தே வைக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தாராளத்துக்கும் எல்லை உண்டு. இன்னொரு பிள்ளை முதல் உறுப்பை 300 என்றே எடுத்து, உறுப்புகளின் எண்ணிக்கை 43.14 என்று கண்டு, அதையே சூத்திரத்தில் போட்டு முடித்திருக்கும். எண்ணிக்கை பின்னமாக வருமா என்று ஒரு கணம் நிற்கவில்லை. இதை முந்தைய பிள்ளையின் கவனப்பிசகோடு ஒன்றாக வைக்க முடியாது. தவறு கணக்கை எளிதாக்கிவிட்டாலும் அப்படித்தான். இருபடிச் சமன்பாட்டைக் கேள்வியிலிருந்து தப்பாகப் பெயர்த்தெழுதியதில் அது சுலபமாகக் காரணிப்படுத்தும்படி ஆகிவிட்டால், மிச்ச மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்க முடியாது. கடினமான கணக்கோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு அது அநியாயம்.

இப்படிப்பட்ட தீர்ப்புகளை ஒவ்வொருவரும் தன் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தால் 1913-ன் கதைதான். அதனால் திருத்தத் தொடங்கும் முன்பே கீயை வரி வரியாகப் படித்து, சில மாதிரித் தாள்களைத் திருத்திப் பார்த்து, எங்கெங்கே கருத்து வேறுபடுகிறது என்று பேச வேண்டும். மூன்றா நான்கா என்ற விவாதம் சூடாகவே நடக்கும். நடக்க வேண்டும். முடிவு எதுவானாலும் மேசையில் உள்ள அனைவரும் அதையே பின்பற்றுவதுதான் முக்கியம். எனக்குச் சரியென்று படாத முடிவையும் நான் அப்படியே கடைப்பிடித்திருக்கிறேன். என் விடைத்தாள் கட்டுக்குள் வந்த பிள்ளைக்கு நான்கும் பக்கத்து மேசையில் மூன்றும் விழுந்தால், என் தாராளம் அந்தப் பக்கத்து மேசைப் பிள்ளைக்குச் செய்த தீங்கு.

கீயில் இல்லாத வழியில் சரியாகச் செய்வதுதான் உண்மையான சோதனை. அதே கணக்கை ஒரு பிள்ளை இப்படிப் பார்க்கும்: எல்லாமே 7-இன் மடங்குகள், ஆகவே 43 முதல் 85 வரை கூட்டி 7-ஆல் பெருக்கினால் போதும். 85 வரையான கூடுதல் 3,655. அதிலிருந்து 42 வரையான கூடுதல் 903-ஐக் கழித்தால் 2,752. ஏழால் பெருக்கினால் 19,264. மூன்றே வரி. கடைசி விடையைத் தவிர, கீயில் உள்ள ஒரு படிகூட இதில் இல்லை. ஐந்துக்கு ஐந்து கொடுக்க வேண்டிய விடை. இதைப் பார்த்ததும் ‘முறை இல்லை’ என்று ஒரு கோடு போட்டு இரண்டு கொடுக்கிற கை எங்கேயாவது இருக்கும் என்பதுதான் என் நிரந்தரக் கவலை. மாற்று வழி வந்தால் நின்று, தானே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, சந்தேகமிருந்தால் முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோக வேண்டும். எழுந்து போகத் தயங்குகிறவர் பிள்ளையின் மதிப்பெண்ணில் கை வைக்கிறார்.

‘நிறுவுக’ என்று வரும் வினாக்களில் நிலைமை தலைகீழ். வந்து சேர வேண்டிய இடம் கேள்வியிலேயே இருப்பதால் கடைசி வரிக்குத் தனி மதிப்பு கிடையாது. முக்கோணவியல் முற்றொருமைகளில் மேலிருந்து நான்கு வரி, கீழிருந்து மூன்று வரி சரியாக எழுதி, நடுவில் ஒரு தாவல் தாவியிருப்பார்கள். வேகமாகத் திருத்துகிறவர் முதலையும் முடிவையும் பார்த்து முழு மதிப்பெண் போட்டுவிடுவார். நடு வரிகளைப் படித்தால்தான் தாவியது தெரியும்.

வடிவியலில் கண்ணும் விரலும் வேலை செய்ய வேண்டும். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரைந்தால் நீளம் 4 செ.மீ. பென்சில் தடிமனுக்கு 4.1 என்று அளந்திருந்தால் அதைக் குறை சொல்ல மாட்டோம். மையக்குத்துக்கோட்டுக்கான விற்கள் இருக்கின்றனவா என்றுதான் தேடுவோம். வில்லே இல்லாமல், அளவுகோலை வட்டத்தை ஒட்டி வைத்து உத்தேசமாகக் கோடு இழுத்து 4.0 என்று எழுதியிருந்தால், பித்தாகரஸ் தேற்றத்தில் கிடைத்த நீளத்தைப் படத்தில் ஒட்டவைத்திருக்கிறது என்று புரிந்துவிடும். சந்தேகமிருந்தால் தாளைத் திருப்பி, கவராயத்தின் முள் குத்திய தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். உதவிப்படத்துக்கு உரியதை எப்படியும் கொடுத்துவிடலாம். வரைபடத்தில் அளவுத்திட்டம், அட்டவணை, அச்சுகள், வளைவரை, விடை என்று தனித்தனி மதிப்பெண்கள் இருப்பதால், ஒரு புள்ளி இடம் மாறியதற்காக எட்டையும் இழக்கும் நிலை வராது.

முகாமின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையின் பெயரோ பள்ளியோ திருத்துபவருக்குத் தெரியாது. தாள்கள் மாவட்டம் மாறி வரும். உதவித் தேர்வாளர் திருத்தியதைக் கூர்ந்தாய்வு அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டி, திருத்தாமல் விட்ட விடை உண்டா, கூட்டல் சரியா என்று பார்ப்பார். முதன்மைத் தேர்வாளர் ஒவ்வொருவரின் கட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்து மறுபடி திருத்துவார். ஒரு கட்டில் எல்லாம் தாராளமாக இருந்தால் அங்கேயே உட்காரவைத்துப் பேச வேண்டும்.

இத்தனைக்கும் அப்பால் மனித மனம் ஒன்று இருக்கிறது. தொடர்ந்து நான்கு 90-களைத் திருத்திவிட்டு வரும் 60, இருப்பதைவிட மோசமாகத் தெரியும். முத்து முத்தான கையெழுத்துக்குப் பின்னால் தவறு ஒளிந்துகொள்ளும். பள்ளித் தேர்வுகளில் நான் இதற்கு ஒரு வழி வைத்திருந்தேன்: ஒரு பிள்ளையின் தாளை முழுதும் திருத்தாமல், எல்லாத் தாள்களிலும் 29-ஆம் வினாவை மட்டும், பிறகு 30-ஆம் வினாவை மட்டும் என்று போவேன். ஒரே தவறு பத்துப் பேரிடம் வரும்போது பத்துக்கும் ஒரே மதிப்பெண் விழும். முகாமின் வேகத்தில் இது நடைமுறைக்கு வராது. அங்கே கீயை ஒவ்வொரு கணக்குக்கும் திரும்பப் பார்ப்பது ஒன்றே வழி.

34 வந்த தாளை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். இரக்கத்தில் ஒன்று போட்டுவிடலாம் என்று தோன்றும். நான் போட மாட்டேன். மறுபடி முதலிலிருந்து திருத்துவேன், வேறொருவரையும் பார்க்கச் சொல்வேன். 94 வாங்கிய தாளுக்கு இந்த இரண்டாவது பார்வை கிடைப்பதில்லையே, இது மட்டும் நியாயமா என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. 94-இல் ஒரு மதிப்பெண் பிசகினால் வருத்தம். 34-இல் பிசகினால் அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சேர முடியாமல் துணைத் தேர்வு எழுத வேண்டும். பிழையின் விலை அதிகமான இடத்தில் கவனமும் அதிகமாக இருக்கட்டும் என்பது என் பதில்.

எனக்கு இருக்கும் உண்மையான மனக்குறை வேறு. கூட்டல் பிழை விட்ட ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17 ஏ, 17 பி பிரிவுகளில் நடவடிக்கையும் வரும். அதனால் முகாமில் எல்லோர் கவனமும் கூட்டலில் குவிகிறது. அது தேவைதான். ஆனால் சரியான மாற்று வழிக்கு மதிப்பெண் மறுத்தவருக்கு எதுவும் வருவதில்லை, ஏனென்றால் அது வெளியே தெரிவதே இல்லை. மூன்று மதிப்பெண் கூட்டலில் விட்டுப்போனதும், மூன்று மதிப்பெண் புரியாமல் வெட்டப்பட்டதும் பிள்ளைக்கு ஒன்றுதான். இங்கிலாந்தில் திரையில் திருத்தும் முறையில், மூத்த தேர்வாளர்கள் முன்பே மதிப்பெண் முடிவு செய்த விடைகளை இடையிடையே கலந்து அனுப்புகிறார்கள். அதில் அடிக்கடி விலகுகிறவரை நிறுத்திவைத்துவிடுவார்கள். கூட்டலைச் சோதிப்பது போலத் தீர்ப்பையும் சோதிக்கும் அப்படியோர் ஏற்பாடு இங்கேயும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேட்டவரின் மகளுக்குச் சில வார்த்தைகள். தெரியாத கணக்கானாலும் தொடரையோ சூத்திரத்தையோ படத்தையோ எழுதிவிட்டு வாம்மா, அதற்கு மதிப்பெண் இருக்கிறது. வேறு வழியில் செய்தால் என்ன செய்கிறாய் என்று ஒரு வரி எழுது, திருத்துகிறவர் உன்னைப் பின்தொடர அது போதும். அடித்தால் ஒரே கோடாக அடி. பக்கவாட்டில் போட்ட சிறு கணக்குகளையும் அழிக்காதே.

முடிவு வந்த பிறகு சந்தேகம் இருந்தால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் அந்த ஆண்டு வெளியிடும் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள். விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் உண்டு என்று அதில் இருந்தால், நகலை வாங்கிப் பார்த்துவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கலாம். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடவும் செய்யும், குறையவும் செய்யும் என்பதால், நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணித ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். திருத்தாத பக்கம் உண்டா, கூட்டல் சரியா என்பதோடு நிற்காமல், ஐந்துக்கு இரண்டும் மூன்றும் விழுந்த கணக்குகளை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். கீயில் இல்லாத வழியில் செய்து வெட்டுப்பட்டது ஏதாவது இருந்தால், மறுமதிப்பீடு கேட்க அதைவிட நல்ல காரணம் இல்லை.