வெறும் ஆர்.என்.ஏ. போதுமா?

அன்புள்ள ஐயா,

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். போலியோ வைரஸின் ஆர்.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுத்துச் செல்லுக்குள் செலுத்தினால் புது வைரஸ் உண்டாகும், வெறிநாய்க்கடி வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் ஒன்றும் நடக்காது என்று வகுப்பில் சொன்னேன். “இரண்டும் ஆர்.என்.ஏ.தானே மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவியை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். அருமையான கேள்வி.

நம் செல், டி.என்.ஏ.வைப் பார்த்துத்தான் ஆர்.என்.ஏ. எழுதுகிறது. ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து இன்னொரு ஆர்.என்.ஏ. எழுதித்தரும் பாலிமரேஸ் நொதி நம்மிடம் இல்லை. அதை வைரஸ்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

போலியோவின் ஆர்.என்.ஏ. சுமார் 7,500 எழுத்து நீளம். நம் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் அதை அப்படியே படித்து ஒரே நீளமான புரதமாகச் செய்துவிடும். அந்தப் புரதம் துண்டு துண்டாக வெட்டுப்படும். கடைசித் துண்டுதான் பாலிமரேஸ். அப்புறம் நகலெடுப்பது அதன் பாடு.

வெறிநாய்க்கடி வைரஸின் ஆர்.என்.ஏ. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. எழுத்தெல்லாம் எதிராக இருக்கும். புரதம் தொடங்கும் இடத்தில் ஏ-யு-ஜி இருக்க வேண்டும், இதில் அதற்கு எதிர்ச்சோடியான யு-ஏ-சி இருக்கிறது. ரைபோசோமுக்கு அது புரியாது. முதலில் யாராவது நேராக எழுதித்தர வேண்டும். எழுதுகிற நொதியின் குறிப்போ அந்தப் படிக்க முடியாத இழைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது!

அப்படியானால் வைரஸ் பாலிமரேஸைக் கையோடு கொண்டுவர வேண்டும். 1970இல் டேவிட் பால்டிமோர், ஆலிஸ் ஹுவாங், மார்த்தா ஸ்டாம்ப்ஃபர் மூவரும் இதைக் காட்டினார்கள். எடுத்துக்கொண்டது வெறிநாய்க்கடி வைரஸின் உறவுக்காரன், மாடுகளுக்கு வாய்ப்புண் உண்டாக்கும் வைரஸ். அதைச் சுத்தம் செய்து, சோப்பு போன்ற ஒரு பொருளால் உறையைத் திறந்து, கதிரியக்க அடையாளமிட்ட ஆர்.என்.ஏ. எழுத்துகளைச் சேர்த்தார்கள். செல் எதுவும் இல்லாத சோதனைக்குழாயில் புது ஆர்.என்.ஏ. உருவானது. அதே ஆண்டு பால்டிமோர் இதே வழியில் புற்றுநோய் வைரஸ்களுக்குள் தேடி, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதியைக் கண்டார். 1975இல் அவருக்கு நோபல் கிடைத்தது அதற்காகத்தான். ஆனால் எனக்கு முதல் சோதனைமீதுதான் பிரியம் அதிகம்.

இன்னொன்றையும் மாணவியிடம் சொல்லுங்கள். வெறிநாய்க்கடி வைரஸின் பாலிமரேஸ் வெற்று இழையைத் தொடாது, ‘என்’ என்ற புரதம் சுற்றிய இழையைத்தான் படிக்கும். அதனால்தான் 1994இல் வெறிநாய்க்கடி வைரஸை டி.என்.ஏ. பிரதியிலிருந்து உருவாக்கியபோது, அந்த ‘என்’னையும், பாலிமரேஸான ‘எல்’லையும், அதன் துணையான ‘பி’யையும் செல்லுக்குள் தனியாகச் செய்துகொடுக்க வேண்டியிருந்தது.