மூடிய கடைகள்: வாசகர் கேள்வி – பதில்

உங்கள் ஊரில் இன்று இல்லாத கடைகளையும் தொழில்களையும் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். நினைவுகளோடு நிறையக் கேள்விகளும் வந்தன. பதில் சொல்ல முடிந்தவை இங்கே.

எங்கள் தெரு சோடா கம்பெனியை மூடியபோது எடுத்து வைத்த நான்கு கோலி சோடா பாட்டில்கள் வீட்டில் இருக்கின்றன. தக்கை, மூடி எதுவும் இல்லாமல் அதில் காஸ் எப்படி நின்றது? இப்போது வீட்டிலேயே சோடா அடிக்கலாமா?
– வாசகர், கரூர்

மூடி இருந்தது, அந்தக் கோலிதான் மூடி. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிராம் காட் என்பவர் 1872-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாட்டில் வாயின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பள்ளம் தட்டுப்படும். அதில்தான் ரப்பர் வாஷர் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருக்கும் காஸ் கோலியை அந்த வாஷரோடு அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும்.

சோடா அடிக்கும் இயந்திரத்தில் சக்கரம்போல் சுழலும் ஒரு பெட்டி இருக்கும். கழுத்தில் கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை, வாய் காஸ் குழாயில் பொருந்தும்படி அதற்குள் மாட்டுவார்கள். கலர் சோடா என்றால் சர்க்கரைப் பாகும் எசன்ஸும் முன்பே ஊற்றியிருக்கும். சிலிண்டரைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் பாட்டில்கள் தலைகீழாகப் புரண்டு புரண்டு காஸ் தண்ணீரில் கரையும். நிறுத்தும்போது எல்லா வாயும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் கோலி தன் எடையால் வாஷரில் போய் உட்காரும். நிமிர்த்தியபடி காஸை மூடினால் அடித்ததெல்லாம் வீண். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் காஸ் நன்றாகக் கரையும். வெயில் நேரத்துத் தொட்டித் தண்ணீரில் அடித்த சோடா சப்பென்று போனதற்குக் காரணம் இதுதான். வாஷர் காய்ந்து வெடித்த பாட்டிலிலும் காஸ் தங்காது.

கழுத்தில் ஒரே பக்கம் இரண்டு குழிகள் இருக்கின்றன, கவனித்தீர்களா? ஊற்றும்போது அந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும். கோலி குழிகளில் தங்கி வழிவிடும். திருப்பிப் பிடித்தால் உருண்டு வந்து வாயை அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் அடிக்க வேண்டாம். பழைய கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அழுத்தம் ஏறினால் அந்த இடத்தில்தான் வெடிக்கும். தொழிலுக்கென்று செய்த பாட்டில்களே அடிக்கும்போது வெடித்தது உண்டு. இயந்திரத்தைச் சுற்றி இரும்புக் கூடு வைத்ததும் அதனால்தான். இன்னொன்று, கோலி இருப்பதால் கழுத்துக்குள் பிரஷ் நுழையாது, உள்ளே சுத்தமாகத் தேய்க்கவும் முடியாது. ஷோகேஸில் வையுங்கள்.

மாமியார் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச நினைக்கிறேன். முன்பு தெருவிலேயே குழி வெட்டிப் பூசிக் கொடுப்பார்கள். இப்போது பூசுகிறவர் சரியாகச் செய்கிறாரா, ஏமாற்றுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, மன்னார்குடி

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஏமாற்றுவதெல்லாம் பூசும் நேரத்தில்தான். பூசி முடிந்த பிறகு வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.

முதலில் புளியோ அமிலமோ போட்டு, மணல் வைத்துத் தேய்த்துப் பித்தளை பளிச்சென்று தெரியும்வரை கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ களிம்போ ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் அந்த இடத்தில் ஈயம் ஒட்டாது. பிறகு கரி உலையில், துருத்தி ஊதி, பாத்திரத்தைக் குறட்டால் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சீராகச் சூடேற்றுவார்கள். சூடானதும் நவச்சாரப் பொடியை (அம்மோனியம் குளோரைடு) தூவ, வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். வெப்பத்தில் நவச்சாரம் பிரிந்து, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுப் பூசவே முடியாது. புகை நெஞ்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் தள்ளி நிற்க வேண்டும். வேலை வெட்டவெளியில்தான் நடக்க வேண்டும். அடுத்து, வெள்ளீயக் கம்பியைச் சூடான பரப்பில் தொட்டால் சொட்டாக உருகும். உடனே பஞ்சாலோ துணியாலோ அடியிலிருந்து விளிம்புவரை இழுத்துத் தடவ வேண்டும். பாத்திரம் போதிய சூடு ஏறாவிட்டால் ஈயம் திட்டுத்திட்டாக நிற்கும். சூடு மீறினால் மஞ்சள் பாய்ந்து, அடியில் வழிந்து கட்டிதட்டும். நாலு லிட்டர் பாத்திரத்துக்குப் பத்து, இருபது கிராம் ஈயமே தாராளம். பூச்சு கனமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள்; அது சீராகத் தடவாததன் அடையாளம்.

ஏமாற்று எங்கே என்றால், அந்தக் கம்பியில். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டையும் கலந்தால் தனி வெள்ளீயத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும், தடவுவதும் சுலபம். உடம்புக்கோ காரீயம் நஞ்சு, அதுவும் குழந்தைகளுக்கு மிக மோசம். எனவே பூசுவதற்கு முன் கம்பியைக் கேட்டு வாங்கி, காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். நல்ல வெள்ளீயம் ‘கிறீச்’ என்று சத்தம் போடும். காரீயம் சத்தமே போடாது. கம்பியை வெள்ளைத் தாளில் அழுத்திக் கீறுங்கள். பென்சில் கோடுபோல் கறுப்பாக இழுத்தால் காரீயம் இருக்கிறது. காரீயம் கையில் கனக்கவும் செய்யும். இவை எல்லாம் மேலோட்டமான சோதனைகள். சிறிதளவு கலப்படத்தை ஆய்வகத்தில்தான் பிடிக்க முடியும். சந்தேகம் வந்தால் பூச வேண்டாம். வெள்ளீயத்தை நீங்களே நம்பகமான இடத்தில் வாங்கிக் கொடுத்துப் பூசச் சொல்வது நல்ல வழி.

பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வறுப்பது, தாளிப்பது எல்லாம் வேறு சட்டியில். இரும்பு நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. உள்ளே பித்தளை நிறம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டால், மறுபடி பூசும்வரை அதில் புளி, மோர் சேர்ந்த எதையும் வைக்க வேண்டாம்.

ஈயச்சொம்பில் ரசம் வைத்தால் உருகாதது ஏன்? நான் வைத்தபோது மட்டும் ஓட்டை விழுந்தது!
– வாசகி, திருச்சி

ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். ஆனால் ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. ஓட்டை விழுவது பெரும்பாலும் ரசத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கும் பக்கச் சுவரில். அடுப்பு பெரிதாக எரிந்து, தீ பக்கவாட்டில் ஏறியிருக்கும். சொம்பில் முக்கால் அளவாவது ரசம் இருக்கட்டும், தீ அடிப்பகுதியைத் தாண்டக் கூடாது. ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஓட்டை விழுந்ததைச் சால்டர் வைத்து அடைக்கக் கொடுக்காதீர்கள். அதில் காரீயம் இருக்கும்.

தாத்தாவின் மளிகைக் கடைப் பில் புத்தகம் ஒன்றும், கடை முகப்புப் புகைப்படமும் கிடைத்தன. இரண்டிலும் தேதி இல்லை. எந்தக் காலம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

உண்டு, அதுவும் நிறைய. முதலில் காசைப் பாருங்கள். அணாவுக்குத் தனிக் கட்டம் அச்சாகியிருந்தால் அது 1957 ஏப்ரல் 1-க்கு முன் அச்சடித்தது. அன்றுதான் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு வந்தது. ‘ந.பை.’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையே. 1964 ஜூனில் ‘நயா’வை எடுத்துவிட்டார்கள். அடுத்து எடை. மெட்ரிக் எடைகள் 1958-லிருந்து படிப்படியாக வந்து 1962 வாக்கில் கட்டாயமாயின. வீசையும் பலமும் (40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ) ‘ந.பை.’யோடு ஒரே பில்லில் இருந்தால் காலம் ஏறக்குறைய ஐந்து வருடத்துக்குள் அடங்கிவிடும்.

முகவரி இன்னும் உதவும். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ‘மதுரை மாவட்டம்’ என்று உங்கள் ஊர்க் கடை போட்டிருந்தால் அது 1985-க்கு முந்தையது. திண்டுக்கல் தனி மாவட்டமானது அந்த ஆண்டு செப்டம்பரில். ‘சென்னை மாநிலம்’ என்றால் 1969 ஜனவரி 14-க்கு முன்பு. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன் என்று கொள்ளலாம். தமிழ்ப் பெயர்ப் பலகைக்கு இந்தக் கணக்கு செல்லாது. தமிழில் அப்போதும் சென்னைதான்.

பலகையின் எழுத்தையும் பாருங்கள். லை, ளை, ணை, னை எல்லாம் மேலே துதிக்கை வளைந்த பழைய உருவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கை பழகிய பெயிண்டர்கள் அதற்குப் பிறகும் பழைய எழுத்தையே எழுதினார்கள். மறுபுறம், பெரியாரின் பத்திரிகைகள் 1930-களிலேயே புதிய எழுத்துக்கு மாறிவிட்டன. கொள்கைப் பிடிப்புள்ள கடைக்காரர் முன்பே எழுதியிருக்கலாம். எனவே எழுத்தைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஏதாவது வண்டி நின்றால் நம்பர் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். டிஎன் என்ற எழுத்துக்குப் பின் மாவட்ட அலுவலக எண் இருந்தால் படம் 1989-க்குப் பிந்தையது.

இவற்றில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பில் புத்தகத்தை ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிட்டுப் பழையதைத் தீர்க்கும்வரை அடித்துத் திருத்திப் பயன்படுத்துவார்கள். அச்சில் இருப்பது அச்சடித்த காலத்தைத்தான் காட்டும். கையால் எழுதியிருப்பதே விற்ற காலம்.

டூரிங் கொட்டகையில் மட்டும் ஏன் மூன்று இடைவேளை?
– வாசகர், சிவகாசி

படம் காட்டும் இயந்திரம் ஒன்றுதான் என்பதால். ஆயிரம் அடி பிலிம் சுமார் 11 நிமிடம் ஓடும். சில சுருள்களை ஒட்டிப் பெரிதாக ஏற்றலாம், ஆனால் முழுப் படத்தையும் ஏற்ற முடியாது. நகரத்துத் தியேட்டரில் ஒன்று முடியும்போது பக்கத்து இயந்திரத்தை ஓட்டிவிடுவார்கள். கொட்டகையில் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். ஆபரேட்டர் அந்த நேரத்தில் வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகளையும் மாற்றிக்கொள்வார். குச்சிகள் எரிந்து இடைவெளி கூடினால் திரை மங்கும். பின்னாலிருந்து ‘லைட்டு’ என்று கத்தினால், குச்சியை நெருக்கி வைக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

பழைய ஸ்டுடியோ படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?
– வாசகி, நாகர்கோவில்

பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரக் காற்றில் இளகிக் கண்ணாடியோடு காய்ந்துவிட்டது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பின் அட்டையை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அப்படியே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் வைக்க முடியாத அளவென்றால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி தொங்கினால் பிரதிபலிப்பு விழாது.

எங்கள் கடைத்தெருவில் 1970-களில் இருந்த கடைகளை வரிசையாக எழுதிவைக்க ஆசை. பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், ராஜபாளையம்

‘என்னென்ன கடை இருந்தது?’ என்று கேட்டால் நாலு பெயரோடு பேச்சு நின்றுவிடும், அதுவும் எல்லாரும் சொல்லும் அதே நாலு. ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடந்தால் இடது கைப்பக்கம் முதல் கடை எது, அதை ஒட்டி எது?’ என்று நடத்திக்கொண்டே போங்கள். கூடவே ‘அங்கே என்ன வாங்குவீர்கள், கணக்கு யார் எழுதுவார்?’ என்று ஒரு கேள்வி. ஆண்டைக் கேட்காதீர்கள். ‘உங்கள் கல்யாணத்துக்கு முன்பா பின்பா, பெரிய பையன் பிறந்த பிறகா?’ என்றால் சரியாக வரும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்தால் உரக்கப் பேசுகிறவர் சொன்னதே வரலாறாகிவிடும்.

முரண்பாடு வரும்போது பெரும்பாலும் இருவரும் சரியாகவே இருப்பார்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு கடைகள் இருந்திருக்கும். ஒரு கதவெண்ணுக்கு ஒரு வரி என்று எழுதாமல், கீழே மூன்று நான்கு வரி காலியாக விடுங்கள். பிறகு அச்சில் தேடுங்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிப் பொன்விழா மலர் இரண்டும் தங்கச் சுரங்கம். நன்கொடை கொடுத்த கடைகளின் விளம்பரம் முகவரியோடும் ஆண்டோடும் அவற்றில் இருக்கும். அவை கோயில் அலுவலகத்திலும் பழைய ஆசிரியர்கள் வீட்டிலும் கிடைக்கும். பழைய இதழ்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள். எண்பது தாண்டியவர்களை முதலில் பார்த்துவிடுங்கள். நூலகத்துக்கு அடுத்த மாதம் போகலாம்.