துடைத்துத் துடைத்தே பெயிண்ட் போகிறது: கார் டீடெய்லிங் கேள்வி பதில்

கழுவுவது, பாலிஷ், கோட்டிங், உள்பக்கச் சுத்தம் என்று பல வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். காரைச் சுத்தமாக வைப்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணா, தினமும் காலையில் ஈரத்துணியால் காரைத் துடைக்கிறேன். அப்படியும் வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல். பெயிண்ட் மட்டமானதா?

பெயிண்ட்டைக் குறை சொல்லாதீர்கள், அந்தத் துணிதான் காரணம். நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஓர் அடுக்கு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 40 முதல் 50 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடி ஒன்றின் தடிமன்கூடக் கிடையாது. தூசியில் கண்ணுக்குத் தெரியாத மணலும் கலந்திருக்கும். தினமும் துணியை வைத்து அந்த மணலை இந்த மெல்லிய அடுக்கின் மேல் தேய்க்கிறீர்கள்.

இரவில் செல்போன் டார்ச்சை பானட்டுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போலத் தெரியும். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. விளக்கைச் சுற்றி வளைவாக அமைகிறவை மட்டும் மின்னுவதால் நமக்கு வட்டமாகத் தெரிகிறது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களில் இன்னும் பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் கீறல் உண்டு, கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

தினசரித் துடைப்பை இன்றோடு நிறுத்துங்கள். தூசி சும்மா உட்கார்ந்திருப்பதால் பெயிண்ட் கெடாது. வாரம் ஒரு முறை ஒழுங்காகக் கழுவினால் போதும்.

கேள்வி: ஒழுங்காகக் கழுவுவது என்றால் எப்படி? என்னிடம் பிரஷர் வாஷர் இல்லை, குழாய் மட்டும்தான்.

குழாயே போதும். கார் நிழலில் நிற்கட்டும், பானட்டைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. முதலில் சக்கரங்களை முடித்துவிடுங்கள். பிரேக் தூள் ஒட்டிய அந்தத் துணியும் பிரஷும் பெயிண்ட் பக்கம் வரவே கூடாது. அப்புறம் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்து, கை படாமலே போகக்கூடிய மண்ணையெல்லாம் போக்குங்கள். இதில் அவசரப்படாதீர்கள், முக்கியமான கட்டமே இதுதான்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்துக் கூரையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பேனல் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் விட வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம், கையுறையின் எடையே போதும். கதவுகளின் கீழ்ப்பகுதியும் பின் பம்பரும் கடைசி, மண் அதிகம் சேர்கிற இடம் அது. எல்லாம் முடிந்தபின் அலசிய வாளியின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள், நறநறவென்று மணல் தட்டுப்படும். ஒரே வாளியில் கழுவியிருந்தால் அத்தனையும் திரும்பப் பெயிண்ட்டுக்குத்தான் போயிருக்கும்.

உலர்த்தும்போது தடிமனான மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். துண்டு தரையில் விழுந்துவிட்டால், துவைக்கும்வரை அதைப் பெயிண்ட்டில் வைக்காதீர்கள். துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்க்காதீர்கள். அது இழையில் படிந்துகொண்டால் துண்டு தண்ணீர் உறிஞ்சாது.

கேள்வி: பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டுக் கழுவலாமா?

ஒரு முறை கழுவினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது அது, மேலே போட்ட வாக்ஸையும் சேர்த்து அரிக்கும். கார் ஷாம்பு வாங்கிக்கொள்ளுங்கள். வழுவழுப்பும் அதில்தான் அதிகம், மண் உரசாமல் நழுவிப் போகும்.

கேள்வி: பறவை எச்சம் காய்ந்துபோய்க் கிடக்கிறது. நகத்தால் சுரண்டலாமா?

வேண்டவே வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து அதன் மேல் ஐந்து பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் தேய்க்காமல் அப்படியே அள்ளி எடுங்கள். பெயிண்ட்டுக்கு அவசரம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். எச்சத்தில் அமிலம் இருக்கிறது, வெயிலில் கிளியர் கோட்டும் இளகும். கடும் வெயிலில் சில மணி நேரத்திலேயே தடம் பதிந்துவிடலாம். தடம் விழுந்துவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும், ஆழமாக இறங்கியிருந்தால் அதிலும் முழுதாகப் போகாது.

கேள்வி: கழுவின பிறகும் கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறதே, ஏன்?

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவுங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்துகள், தார், மரப்பிசின் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஷாம்புக்கு இவை அசையாது. அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்புத்துகள் இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். நாற்றம் மூக்கைத் துளைக்கும், பயப்படாதீர்கள். ஆனால் காயவிடாமல் கழுவிவிட வேண்டும். மிச்சத்துக்குக் கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி. வழுக்கும் திரவம் தாராளமாக அடித்துக்கொண்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும். கிளே கீழே விழுந்தால் எடுத்து உபயோகிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: சார், சர்வீஸ் விடும்போதெல்லாம் ரப்பிங் பாலிஷ் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ஒவ்வொரு முறையும் வேண்டாம். ரப்பிங் பாலிஷ் கீறலை நிரப்பி மறைய வைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். காம்பவுண்ட் என்கிற அந்தத் தேய்க்கும் பசையைப் போடும் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகிறது, போனது திரும்பி வராது. கிளியர் கோட்டில்தான் வெயிலைத் தாங்கும் பொருள் இருக்கிறது. அது மெலிந்தால் சில வருடத்தில் கூரையும் பானட்டும் வெளிறி உரியத் தொடங்கும்.

எனக்கு இதில் பொறுக்க முடியாத விஷயம் இன்னொன்று. எண்ணெய்ப் பதமான பாலிஷைத் தடவிக் கீறலை மூடிக் காட்டுவது. அன்றைக்குப் பளபளக்கும், நாலைந்து முறை கழுவியதும் பழைய கீறல் எல்லாம் வெளியே வரும். பாலிஷ் முடிந்ததும் ஒரு பேனலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், எண்ணெய்ப் பூச்சு அதில் போய்விடும். அதற்குப் பிறகும் பளபளப்பு நின்றால் அது உண்மையான வேலை. தொடங்கும் முன் பெயிண்ட் தடிமனை மீட்டர் வைத்து அளக்கிறாரா என்றும் பாருங்கள்.

கேள்வி: 9எச் செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாதாமே?

விழும். 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவியால் இழுத்தால் தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. பெயிண்ட் மேல் திரவமாகப் பூசிக் காயவிடும் இந்தக் கோட்டிங்கின் தடிமனே பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது பாதி நேரத்தில் முடியும். நல்ல பொருள்தான், இந்தக் காரணங்களுக்காகப் போடுங்கள். கல் தெறிப்பிலிருந்து காக்க வேண்டுமென்றால் பெயிண்ட் மேல் ஒட்டும் பிபிஎஃப் என்கிற நிறமில்லாத பிளாஸ்டிக் படலம்தான் வழி, அது 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். ஏற்கெனவே இருக்கும் கீறலை எடுக்காமல் கோட்டிங் போட்டால் அந்தக் கீறலைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: டேஷ்போர்டுக்கு எந்த பாலிஷ் நல்லது?

பளபளப்பே வேண்டாம். வெயில் பட்டால் முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். ஈர மைக்ரோஃபைபர், பிறகு மேட் ஃபினிஷ் டிரெஸ்ஸிங், அதாவது பளபளக்காத பூச்சுத் திரவம் போதும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் எதையும் தடவாதீர்கள், வழுக்கும்.

கேள்வி: ஏசி போட்டதும் ஈர நாற்றம் வருகிறது. வாசனை டப்பா வைத்தும் போகவில்லை.

டப்பா நாற்றத்தை மறைக்கும், எடுக்காது. ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் (சுருள்குழாய்) ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கும். கேபின் ஃபில்டரை முதலில் பாருங்கள், பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கறுத்திருந்தால் மாற்றுங்கள். காயிலுக்கென்று ஃபோம் கிளீனர் உண்டு, அதை அடிக்கலாம். இனிமேல் வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், அந்தக் காயில் உலர்ந்துவிடும்.

கேள்வி: மஞ்சளான ஹெட்லைட்டுக்குப் பற்பசை தேய்க்கலாமா?

கொஞ்சம் தெளியும், நிற்காது. ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட், அதன் மேல் கம்பெனி போட்ட பாதுகாப்புப் பூச்சு வெயிலில் அழிந்ததால்தான் மஞ்சள். 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பூச்சு கொடுக்க வேண்டும். கடைசிப் பூச்சை விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். மங்கல் உள்பக்கம் இருந்தால் வெளியே தேய்த்துப் பயனில்லை. சீல் போயிருக்கும், விளக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.